கறுப்புக் கயிற்றில் ஒரு முகம்

சுவரில் சிங்க தெய்வம் ஒரு கைதியை மிதித்துக்கொண்டு நின்றது. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எங்கள் மெரோவே நகரத்துச் சுவர்களில் சிங்கம் நாள் தவறாமல் யாரையாவது மிதித்துக்கொண்டுதான் இருக்கும். தகராறு என்னவென்றால், இந்தத் தடவை மிதிபட்டுக் கிடந்தவனுக்கு எங்கள் இளைய அரசரின் முகம்.

மோவாயில் மச்சம். நெற்றியில் குதிரை உதைத்த தழும்பு. பாதி தூக்கத்தில் இருப்பதுபோல் தொங்கும் இடது இமை. எல்லாம் அச்சு அசல்.

முந்தின நாள் சாயங்காலம் அரச குடும்பம் குளிக்கக் கட்டிய புதுத் தண்ணீர் மாளிகையில் திரையை விலக்கியபோது இளைய அரசரே எதிரில் நின்றிருந்தார். குழலூதிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். சுவரில் வரைந்தது நடந்தே தீரும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். விடிந்ததும் சாவுக்கோல் புறப்பட்டுவிட்டது.

எங்கள் நாட்டில் யாருடைய தலையையும் வெட்டுவதில்லை. கறுப்புக் கோல் ஒன்றைக் கொண்டுபோய் குற்றவாளியின் வாசலில் நடுவார்கள். அஸ்தமனத்துக்குள் அவர் தன் கையாலேயே காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். ஓடிப்போவதெல்லாம் யவனர்களின் பழக்கம். நம்மவர் ஓடினால் பெற்ற தாயே துரத்திப்போய்க் கழுத்தை நெரிப்பாள்.

இந்தத் தடவை கோல் போனது நஹிரேயின் வாசலுக்கு. கைதியை வரைந்தவள் அவள்தான். அதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா? இளைய அரசர் நேர்லகூட இவ்வளவு லட்சணமா இல்ல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அத்தான் என்பது மலெதோர். அரண்மனை விசாரணைக்காரர். என் பெயர் தபிகோ. அவர் யோசிப்பார், நான் பேசுவேன், இதுதான் எங்கள் தொழில் ஏற்பாடு. என் அக்கா ஷெனதேயைத்தான் அவர் கட்டியிருந்தார். அக்கா காய்ச்சலில் போய் அன்றைக்கு முப்பத்தாறாவது நாள். அவள் போனதிலிருந்து அவர் எழுவார், குளிப்பார், வேலைக்கு வருவார். அழவில்லை, ஒரு சொட்டுக்கூட. அடுப்புத் தணல் காலில் விழுந்ததைக்கூட நான் சொல்லித்தான் பார்த்தார். என் கதையும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் கண்டாகே, அதாவது அரசியம்மா, ஆள் அனுப்பியிருந்தார். இளைய அரசரைப் பெற்றவர். செய்தி சின்னது: 'வரைந்தவள் கிடைத்துவிட்டாள். அந்த முகத்தைச் சுவருக்குக் கொண்டுவந்த கை எது? அஸ்தமனத்துக்குள் பெயர் வேண்டும். வேறு கை என்றால் கோல் அந்தக் கைக்குப் போகும்.'

ஆகவே ஒரு பகல் இருந்தது. நஹிரேயின் உயிர் அந்த ஒரு பகலில் இருந்தது.

அத்தான் சுவருக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தார். "இங்க பாரு மாப்ள."

வர்ணத்துக்கு அடியில் மெல்லிய சிவப்புக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக.

"கட்டம். நூலைச் செம்மண்ணுல முக்கிச் சுண்டி விடுறது. எல்லாச் சுவத்துலயும்தான் இருக்கும்."

"எதுக்குக் கட்டம்?"

"சின்ன மாதிரியப் பாத்துப் பெருசா வரைய."

"நஹிரே இளைய அரசரைப் பாத்திருக்காளா?"

"எங்க பாக்க? அவர் எட்டு வருஷமா வடக்கு எல்லையில கிடந்தார். வந்து எட்டு நாள்கூட ஆகல. இவ மூணு மாசமா சாரத்தை விட்டே இறங்கல."

"பாக்காத ஆளோட மச்சத்தை எப்படி வச்சா?"

நான் மறுபடி அந்த மச்சத்தை உற்றுப் பார்த்தேன்.

"எங்கியோ இதுக்கு ஒரு மாதிரிப் படம் இருக்கு," என்றார் அத்தான். "வா."

*

நஹிரேயின் வீடு இரும்பு உலைகளைத் தாண்டி, கசடு மேட்டுக்குப் பின்னால். வாசலில் கோல் நட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கருவேல மர நிழலில் கோல்காரர் யெதேக் உட்கார்ந்து, சோளக் கள் பானையில் நாணல் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக இதே வேலை. ஊரில் அவரைவிட மரியாதை தெரிந்த மனிதரைப் பார்க்க முடியாது.

"வா தம்பி. ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டுப் போ."

"உங்க பானையில வாய் வைக்கிற அளவுக்கு எனக்கு என்ன குறைச்சல் வந்துச்சு, ஐயா?"

"பயப்படாத. உனக்கு வரும்போது முன்னாடியே சொல்றேன்." அவர் உள்ளே கையைக் காட்டினார். "நல்ல பொண்ணு. காலையில எனக்குக் கூழ் ஊத்திக் குடுத்தா. என்னத்தச் சொல்ல."

நஹிரே உள்ளே சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கை முழங்கைவரை சேறு. மூலையில் ஒரு கிண்ணம், அதன்மேல் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே அரைத்த விஷ வேர் என்று கேட்காமலே தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"வாங்க அண்ணே," என்றாள் அத்தானிடம். "உக்காருங்க."

"கைதியோட முகத்துக்கு மாதிரி யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. மனசுல வந்துச்சு."

"மச்சமுமா?"

"மச்சமும்தான்."

"நஹிரே அக்கா," என்றேன். "எனக்கெல்லாம் கனவுல ஆடு மாடுதான் வருது. உங்களுக்கு மட்டும் அரச குடும்பமே தழும்போட வருதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அத்தானையே பார்த்தாள். "சாப்பிட்டீங்களா அண்ணே? ரொம்ப இளைச்சுட்டீங்க."

"தெரியல," என்றார் அத்தான். அது உண்மையான பதில்.

"அடுப்புல அடை இருக்கு. எனக்கு இனி வேண்டாம்."

அவர் எழுந்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். ஈரச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்துவிட்டார்.

"என்ன அத்தான், அவ்வளவுதானா? இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா அழுதிருப்பா, அழுதா சொல்லியிருப்பா."

"அழ மாட்டா. யாரையோ மூடி வைக்கிறா. அதுல ஒரு திருப்தி இருக்கு அவளுக்கு." நடந்துகொண்டே சொன்னார். "பட்டறைக்குப் போலாம்."

*

சித்திரப் பட்டறைக்குள் நுழைந்தோம். இருபது வருஷம் அக்கா ஆண்ட இடம். மாதிரிகளைக் காப்பது அவள் வேலை. உடைந்த பானை ஓடுகளில் சின்னதாக வரைந்த மாதிரிகள், ஒவ்வொன்றிலும் துளை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கும். வெள்ளைக் கயிற்றில் தெய்வங்கள், சிவப்புக் கயிற்றில் அரசர்கள், கறுப்புக் கயிற்றில் கைதிகள். ஓவியக்காரர்கள் கயிற்றைப் பார்த்து ஓட்டை அவிழ்ப்பார்கள், கட்டம் போடுவார்கள், சுவரில் ஏற்றுவார்கள். ஓட்டில் இருப்பது யார், என்ன என்று கேட்பதில்லை. கயிறு சொன்னால் சொன்னதுதான்.

அக்காவின் இடத்தில் இப்போது அரெகே என்று ஒருவன். அரண்மனைச் சமையல்காரரின் மருமகன், வேறு தகுதி எதுவும் இல்லை. அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்துவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அடேயப்பா, காவல் பலமா இருக்கு," என்றேன்.

அத்தான் கறுப்புக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. இரண்டு ஓடுகளுக்கு நடுவில் ஓர் ஓட்டுக்கான இடைவெளி. கயிற்றில் அங்கே மட்டும் தூசி இல்லை.

"ஒண்ணு குறையுது. வடக்கேர்ந்து வந்த அந்த யவனன் எங்க?"

யவனன் நிக்கானோர் பட்டறை ஓரத்துத் தூணில், ஏணிமேல் நின்று, திராட்சைக் கொடி வரைந்துகொண்டிருந்தான். அலெக்சாந்திரியாக்காரன். எங்கள் தண்ணீர் மாளிகையை அவன் ஊர் பாணியில் அலங்கரிக்க அரசியம்மா வரவழைத்த விருந்தாளி. எங்கள் மொழியைக் கோயில் எழுத்தர்களிடம் கற்றதால் அவன் பேசினால் கல்வெட்டு எழுந்து நடந்து வருவது போலிருக்கும்.

"வருக, அன்புடையீர். தங்கள் வரவால் அடியேன் மகிழ்வுற்றேன்."

"மகிழ்வுற்றது போதும், கீழ இறங்குய்யா," என்றேன். "சுவத்துல இருக்கிற மூஞ்சியப் பத்திக் கேக்கணும்."

அவன் இறங்கினான். முகம் வெளிறியிருந்தது. "நஹிரே அம்மையார் என் தோழி. அவர் இறக்க வேண்டும் என்கிறார்கள். ஏன் அவர் தப்பிச் செல்லவில்லை?"

"அது எங்க ஊர்ல வழக்கம் இல்ல," என்றார் அத்தான். "கோலை ஒருத்தர் வாங்கிட்டா வாங்கினதுதான். நீ ஏதாவது மாதிரி வரைஞ்சு குடுத்தியா?"

"மாதிரியா? நான் சுவரில் நேரடியாகவே தீட்டுபவன். மாதிரி தருவதில்லை."

அத்தான் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். யார் யார் வந்து போவார்கள், ஓடுகளை யார் தொடுவார்கள். நிக்கானோர் பதில் சொல்லிக்கொண்டே கீழே கிடந்த ஒரு ஓட்டை எடுத்து, கரித்துண்டால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். பதற்றத்தில் சிலர் நகம் கடிப்பார்கள். இவனுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. முடித்ததும் அதை என்னிடம் நீட்டினான்.

பார்த்தேன். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"யோவ்! என்னய்யா இது? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? என்னை எதுக்குக் கைதியா வரைஞ்சிருக்க?"

அவன் விழித்தான். "கைதியா? இது தங்கள் திருமுகம் அல்லவா? தங்களைக் கௌரவிக்கவே வரைந்தேன்."

"கௌரவமா! ரெண்டு கண்ணையும் தெரியவச்சு, ரெண்டு காதையும் விரிச்சு, மூஞ்சிய நேரா வச்சு வரைஞ்சிருக்க. கையில கட்டு ஒண்ணுதான் பாக்கி. மானமுள்ள எவனுக்குய்யா நேர்முகம் வரைவாங்க? தெய்வம்னாலும் அரசர்னாலும் பக்கவாட்டு முகம். ஒத்தக் கண்ணு. ரெண்டு கண்ணும் தெரிஞ்சா அவன் கட்டிப்போட்டவன். எங்க பட்டறையில கூட்டிப் பெருக்குறவங்களைக் கேளு, அவங்களுக்கும் தெரியும்!"

"திரும்பச் சொல்லு மாப்ள," என்றார் அத்தான்.

குரலில் ஏதோ இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை? கூட்டிப் பெருக்குறதையா?"

"நேரா வரைஞ்சா யாரு?"

"கைதி..." என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது.

அத்தான் யவனனிடம் மெதுவாகக் கேட்டார். "உங்க ஊர்ல நேர்முகம் யாருக்கு?"

"அன்புக்குரியவர்க்கு," என்றான் நிக்கானோர். "இறந்தோரின் பெட்டிமேலும் நேர்முகமே வைப்போம். நேசிக்கிறவர் நம்மைப் பார்க்க வேண்டாமா?"

"இளைய அரசரை அப்படி வரைஞ்சியா?"

அவன் கையிலிருந்த கரித்துண்டு கீழே விழுந்தது. எல்லாம் வெளியே வந்தது. நதியில் தெற்கே வரும் வழியில், வடக்குப் பாசறையில் மூன்று நாள் தங்கியிருக்கிறான். இளைய அரசரே ஆசைப்பட்டு எதிரில் உட்கார்ந்து, தாயாருக்குக் கொடுக்கச் சொல்லி ஓர் ஓட்டில் தன் படத்தை வரையவைத்திருக்கிறார். வர்ணம் ஏற்றிக் கொடுக்கலாம் என்று இவன் அதைப் பட்டறைக் கூடையில் போட்டுவிட்டு, நீலக்கல் வாங்க மலைப்பக்கம் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது ஓடு இல்லை. யாரோ அரண்மனையில் சேர்த்துவிட்டார்கள் என்று இருந்துவிட்டான். மிதிபடும் கைதியை நேற்று திரை விலகும்வரை அவன் பார்க்கவில்லை. சாரம் மறைத்திருந்தது. பார்த்த பிறகும், தன் ஓடு அரண்மனையில் பத்திரமாக இருக்கிறது என்றே நினைத்திருக்கிறான்.

"சதியும் இல்ல, துரோகமும் இல்ல," என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி. "மகன் அம்மாவுக்கு அனுப்பின படம். நம்ம பட்டறை ஆளு யாரோ கைதின்னு நினைச்சு மாட்டிட்டாங்க. அத்தான், ஓடலாம் வாங்க, அரசியம்மாகிட்டச் சொல்லலாம்!"

"அவங்க கதை கேக்கல. பேரு கேட்டாங்க." அத்தான் நகரவில்லை. "விருந்தாளிக்குக் கோல் போகாது. வரைஞ்சது தப்பும் இல்ல. அரச முகத்தைக் கறுப்புக் கயித்துல கட்டின கை எதுவோ, அதுதான் கணக்கு. கோல் வெறுங்கையோட திரும்பாது."

நான் முக்காலியைப் பார்த்தேன். அரெகே இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அக்கா இடத்தில் உட்கார்ந்தவன். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாதிரிக்காரன் வேலைதானே கயித்துல கட்டுறது? ஆளு இங்கியே இருக்கான். எழுப்பட்டுமா?"

"அவன்தான்னா, நஹிரே ஏன் அவனைக் காட்டிக் குடுக்கல?"

நஹிரேக்கும் அரெகேயைக் கண்டால் ஆகாது. அவனுக்காக யாரும் வேர் அரைத்துக் குடிக்க மாட்டார்கள்.

"இன்னொண்ணு," என்றார் அத்தான், வாசலை நோக்கி நடந்தபடி. "சாயங்காலம் சாகப் போறவ, காலையில எதுக்குச் சுவத்துக்கு மண்ணு பூசுறா?"

*

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உலைக்கூடங்களுக்கு மேல் சரிந்திருந்தது. யெதேக்கின் பானை காலி. நஹிரே முகம் கழுவி, வெள்ளைத் துணி உடுத்தியிருந்தாள். கிண்ணம் மூலையிலிருந்து நடுவீட்டுக்கு வந்திருந்தது.

அத்தான் அவளிடம் பேசவில்லை. நேராகச் சுவருக்குப் போனார். பாதி காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"அண்ணே, வேண்டாம்," என்றாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். அதைத் தொடாதீங்க."

மண் பெயர்ந்தது. உள்ளே ஓடு. துடைத்தார். மச்சம், தழும்பு, தொங்கும் இமை. இரண்டு கண்ணும் நேராக எங்களைப் பார்த்தன. துளையில் கறுப்பு நூல் துண்டு இன்னும் கட்டியபடியே இருந்தது.

அத்தானின் விரல் நூலில் பட்டு அப்படியே நின்றுவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். இடது பக்கமாகச் சுற்றிய முடிச்சு. நுனியை வெளியே விடாமல் திரும்ப உள்ளே செருகியிருந்தது. ஊரில் எல்லாரும் வலது பக்கம்தான் சுற்றுவார்கள். இடது கைக்காரி ஒருத்திதான் இருந்தாள். எனக்கு ஆறு வயசில் செருப்பு வார் கட்டிவிட்டவள். எங்கள் வீட்டு ஆடு, தண்ணீர்ப் பை, என் கல்யாணத்துப் பூமாலை, எல்லாவற்றிலும் இந்த முடிச்சுத்தான்.

உலையில் துருத்தி ஊதும் சத்தம் மட்டும் கேட்டது.

"கடைசியா பட்டறைக்கு வந்த நாள்," என்றாள் நஹிரே. "உடம்பு அனலாக் கொதிச்சுது. வீட்டுக்குப் போடின்னேன், கேக்கல. கூடையில கிடந்ததை எல்லாம் பிரிச்சுக் கட்டினா. இதை எடுத்துப் பாத்தா. ரெண்டு கண்ணு தெரிஞ்சுது, கறுப்புக் கயித்துல கட்டிட்டா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். 'நல்ல கைதி நஹிரே, அழுது வடியாத மூஞ்சி, பெரிய சுவத்துக்கு இதை வச்சுக்கோ'ன்னா. அவ எனக்குக் கடைசியா எடுத்துக் குடுத்தது. அதனாலதான் அதையே வரைஞ்சேன்."

"இதைச் சொல்லியிருந்தா உனக்குக் கோல் இல்ல," என்றார் அத்தான்.

"சொன்னா கோல் அவகிட்டப் போகும். செத்தவகிட்ட எடுக்க உயிர் ஏது? பேரைத்தான் எடுப்பாங்க. சமாதிப் பலிக்கல்லுல இருக்கிற பேரைச் செதுக்கித் தள்ளுவாங்க. பேரு போனா நீங்க ஊத்துற பாலும் தண்ணியும் யாருக்குப் போய்ச் சேரும்? அந்தப் பக்கம் அவ பசியோட, தாகத்தோட, யாருன்னு தெரியாம அலையணும். நான் செத்தா எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல அண்ணே. கோலுக்குக் கீழ்ப்படிஞ்சவ பேரை யாரும் தொட மாட்டாங்க. எனக்கு உயிரு போகும், பேரு இருக்கும். ரெண்டு பேருக்கும் பேரு இருக்கும்."

அவள் இதைப் பல தடவை யோசித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவளைப் பொறுத்தவரை நியாயமான ஏற்பாடு.

நான் அத்தானின் கையைப் பிடித்தேன். "அரெகே பேரைச் சொல்லுங்க. முடிச்சை நான் அவுத்துடறேன், வலப்பக்கமா கட்டிடறேன். யாருக்குத் தெரியும்? அவன் ஒரு தண்டம். ஊருக்கே நல்லது."

"அவன் தூங்குமூஞ்சி, மாப்ள. தூங்குறதுக்குக் கோல் கிடையாது."

"அவ என் அக்கா!"

"தெரியும்."

"தாயும் தகப்பனுமா இருந்து என்னை வளர்த்தவ. அவளைத் தண்ணிகூடக் கிடைக்காம அலைய விடப் போறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. வெந்நீரில் கை விட்டும் சூடு தெரியாதவன் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

"இவ உயிரோட இருக்கா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குனிந்து கிண்ணத்தை எடுத்தார். வாசலைத் தாண்டிப் போய் மண்ணில் கவிழ்த்தார். யெதேக் எழுந்து நின்றார்.

"கோலைப் பிடுங்குங்க ஐயா," என்றார் அத்தான். "கறுப்புக் கயித்துல கட்டினது வேற கை. சாட்சி இந்த முடிச்சு. பேரு ஷெனதே. பட்டறை மாதிரிக்காரி. மலெதோர் மனைவி."

வழக்கு விவரம் படிப்பது போலத்தான் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யெதேக் ஓட்டை வாங்கி முடிச்சைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா மலெதோர்?"

"பொழுது சாயுது ஐயா. நடங்க."

*

ஊருக்குக் கிழக்கே மேட்டில் அரசர்களின் சமாதிக் கூர்ங்கோபுரங்கள் செம்மஞ்சளாக நின்றன. எங்களைப் போன்றவர்களுக்குக் கீழே, மணல் பக்கம் இடம். அக்காவின் செங்கல் கோபுரம் என் மார்பு உயரம்தான் இருக்கும். அதன் முன்னால் பலிக்கல். கல்லின் நடுவில் இரண்டு தெய்வங்கள் குடத்திலிருந்து நீர் ஊற்றுவதுபோல் செதுக்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி எழுத்து. அதில் அவள் பெயர்.

யெதேக் கோலைக் கல்லின் தலைமாட்டில் நட்டார். கூட வந்த கல்தச்சன் உளியை எடுத்தான்.

"குடு," என்றார் அத்தான். "நீ அடிச்சா பக்கத்து எழுத்தும் போயிடும்."

அவர் மண்டியிட்டார். பெயர் இருந்த இடத்தை மட்டும், எழுத்து எழுத்தாக, நிதானமாகச் செதுக்கினார். தெய்வங்களின் மேல் விழுந்த தூளை ஊதித் தள்ளினார். நஹிரே கொஞ்சம் தள்ளி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றாள். பிழைத்தவள் முகம்போல் அது இல்லை. என்னிடம் எந்த வேடிக்கைப் பேச்சும் இல்லை. முப்பத்தாறு நாளாக நான் பேசிய அத்தனையும் வெறும் சத்தம் என்று அப்போது தெரிந்தது.

வேலை முடிந்தது. கல்லில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

சடங்கில் கடைசியாக ஒன்று உண்டு. கோல்காரர் உறவுகளை ஒவ்வொருவராகக் கேட்பார். அவர்கள் தங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது.

யெதேக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பெரிய மனிதருக்கே கஷ்டமாக இருந்தது. "மலெதோர். இங்கே யார் இருக்கிறார்?"

"யாரும் இல்லை," என்றார் அத்தான். கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி.

"தபிகோ. இங்கே யார் இருக்கிறார்?"

என் வாய் எனக்கு முதல்முறையாகக் கீழ்ப்படிய மறுத்தது. சூரியனின் கடைசி விளிம்பு ஆற்றுக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. பதில் வராமல் அது இறங்கிவிட்டால் கோல் நஹிரேயின் வாசலுக்கே திரும்பும். யெதேக் இன்னொரு முறை, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரும் இல்ல," என்றேன்.

நான் சொன்னபோதுதான் அத்தான் அழுதார். அவர் சொன்னபோது உறைக்காதது, என் வாயிலிருந்து கேட்டபோது உறைத்திருக்க வேண்டும். கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றியை அந்த வெள்ளை இடத்தில் வைத்து அழுதார். பெயர் சொல்லி அழ வழியில்லை. அதனால் வார்த்தையே இல்லாமல், மாடு கத்துகிற மாதிரி, ஊருக்கே கேட்கும்படி அழுதார்.